மூலக்குரலுக்கு ஒரு விண்ணப்பம்

நித்திலன் எழுந்ததும் பல் துலக்கினான். கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டினான். நாக்கு நேராக வந்தது. பல் தெரியச் சிரித்தான். உதட்டின் இரண்டு ஓரங்களும் ஒரே உயரத்துக்குப் போயின. கன்னங்களை ஊதி விரலால் அழுத்தினான். காற்று கசியவில்லை. பிறகு ஆள்காட்டி விரலை உதடுகளின் மேல் லேசாக வைத்துக்கொண்டு, "ப, ட, க" என்றான். "ப, ட, க. ப, ட, க." காதில் எதுவும் கேட்கவில்லை. கேட்காது. விரலுக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு 'ப'வுக்கும் உதடுகள் மூடித் திறந்தன.

இன்றைக்கு வாய் இருக்கிறது. அப்படித்தான் தினமும் தனக்குச் சொல்லிக்கொள்வான்.

கஞ்சியைச் சூடாக்கிக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். தூசிக் கவசத்தை மூக்குக்கும் வாய்க்கும் மேலாக இழுத்துக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தான்.

நடைபாதையில் பம்பு மெக்கானிக் சந்தியாகு எதிரே வந்தார். கவசத்துக்கு மேலே அவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன.

"என்ன தம்பி, சாப்டாச்சா? ஆளே இளைச்சுக்கிட்டுப் போறீங்களே. நிலாவுல எடை கொறையிறது பத்தலையா?"

"சாப்டேண்ணே. நீங்க?"

"நமக்கென்ன, ஜம்முனு இருக்கோம்."

கவசத்துக்குள் அந்த வாய் உண்மையில் என்ன செய்தது என்று நித்திலனுக்குத் தெரியாது. அவர் அத்தனையும் சொல்லியிருக்கலாம். வெறுமனே எதையோ முணுமுணுத்துவிட்டும் போயிருக்கலாம்.

தென்குழல், நிலவின் தரைக்கு அடியில் இருந்த நகரம். எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடி வற்றிய நீண்ட குகைக்குள் அதைக் கட்டியிருந்தார்கள். காற்றைச் சுத்தம் செய்து உள்ளே தள்ளும் பம்புகள் ஓயாமல் இரைந்தன. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் முதலில் குடியேறியவர்கள் தொண்டையில் ஒரு சில்லும் காதில் ஒரு சில்லும் பொருத்திக்கொண்டார்கள். தொண்டையும் நாக்கும் எழுப்புவதை ஒரு சில்லு வாங்கி அனுப்பும். எதிராளியின் காதில் மற்றது அதைப் பேச்சாக ஒலிக்கும். இரண்டுக்கும் நடுவே நகரத்தின் கணினி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்கு நயப்பி என்று பெயர்.

நயப்பி தொடக்கத்தில் இரைச்சலை மட்டும்தான் நீக்கியது. பிறகு திக்குவாயைச் சரிசெய்தது. அப்புறம் பாதியில் நின்ற வாக்கியங்களை முடித்துக் கொடுத்தது. கோபத்தில் வந்த சொல்லை மெல்ல நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்தது. ஒவ்வொருவர் பேசுவதையும் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகியிருந்ததால் அவரவர் நக்கலையும் இழுவையையும்கூட அப்படியே போட்டுக் கொடுத்தது. பொருளில்லாத ஓசைகளை மட்டும் அது சுமப்பதில்லை. இருமல், முனகல், குழந்தையின் மழலை, 'ப ட க' எல்லாம் வழியிலேயே நின்றுவிடும். பேசியவரின் காதிலும் திருத்திய பேச்சுதான் ஒலிக்கும் என்பதால், தாம் அப்படித்தான் பேசினோம் என்று எல்லோரும் நம்பினார்கள். வீடுகளில் சண்டை குறைந்தது. புகார் சொன்னவர்கள் பேச்சுப் பயிற்சியாளர்கள் மட்டும்தான். அவர்களுக்கு வேலை போயிற்று.

நித்திலன் பேச்சுப் பயிற்சியாளன். அவன் மனைவி பூங்கோதையும்தான்.

மருத்துவமனையின் கோடியில் பேச்சுப் பிரிவு என்று ஓர் அறை மிஞ்சியிருந்தது. சில்லு உறுத்தித் தொண்டை புண்ணானவர்களைப் பார்ப்பார்கள். வயதானவர்களுக்குப் புரையேறாமல் விழுங்கக் கற்றுக்கொடுப்பார்கள். டாக்டர்கள் அந்த அறைக்கு வழி கேட்டுத்தான் வருவார்கள். ஆய்வுக்கென்று தரும் பணமான நல்கை கிடைக்கும் ஆண்டில் அறைக்கு விளக்கு எரியும். கிடைக்காத ஆண்டில் பாதி விளக்கு. அதனால் அங்கே இருந்தவர்கள் நோயாளியைப் பார்த்த நேரத்தைவிட விண்ணப்பம் எழுதிய நேரம் அதிகம்.

பூங்கோதையின் கடைசி நாளன்றும் நித்திலன் வீட்டின் முன்னறையில் விண்ணப்பம்தான் எழுதிக்கொண்டிருந்தான். தென்குழலில் பெற்றோர் எவரும் தம் பிள்ளையின் மழலையைக் கேட்டதில்லை, அதனால் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்று ஆராய வேண்டும் என்பது தலைப்பு. நண்பகலோடு கெடு முடிகிறது. பூங்கோதை சமையலறையில் இருந்தாள். அவன் காலடியில் தரை லேசாக அதிர்ந்தது.

"கோதை, என்ன விழுந்துச்சு? அடி கிடி பட்டுச்சா? நான் வரட்டுமா?" என்று கேட்டான். கேட்டது அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ஒண்ணுமில்லடா. டம்ளர் விழுந்துச்சு. நீ எழுதி முடி."

தெளிவான குரல். கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது.

எழுதி முடித்தான். அனுப்பினான். எழுந்து போய்ப் பார்த்தான். அவள் சுவரோரமாகச் சரிந்து கிடந்தாள். வாயின் இடது ஓரம் தொங்கியிருந்தது. டம்ளர் மேடைமேல் வைத்த இடத்தில் இருந்தது.

"மூளையில ரத்தக்கட்டி," என்றார் டாக்டர். "வாய் முன்னாடியே விழுந்திருக்கும். இந்த நாக்க வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தகூடத் தெளிவா வந்திருக்காது."

"பேசினா டாக்டர். நான் கேட்டேன்."

டாக்டர் அவன் தோளில் கை வைத்தார். "நயப்பி பேசியிருக்கும்."

அந்த விண்ணப்பம் பின்னர் தள்ளுபடியானது. 'ஆய்வின் தேவை நிறுவப்படவில்லை' என்று காரணம் சொல்லியிருந்தார்கள்.

அப்போதிருந்து நித்திலனுக்கு ஒரே ஒரு கேள்விதான். அவள் என்ன சொன்னாள்? 'காப்பாத்து' என்றாளா? 'வாடா' என்றாளா? சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அலறிக்கொண்டிருக்க, ஓர் இயந்திரம் அவள் சிரிப்பைப் போட்டுக் காட்டி அவனை நாற்காலியிலேயே உட்கார வைத்ததா? அப்படியென்றால் இந்த நகரத்தில் வேறு யார் யார் அலறிக்கொண்டிருக்கிறார்கள்? நாளைக்கே தன் வாய் விழுந்தாலும் தன் காதுக்கே தெரியாதே. வேலைக்குப் போவான், நக்கலடிப்பான், எல்லோரிடமும் நலம் விசாரிப்பான். செத்து விழும்வரை நன்றாகவே பேசிக்கொண்டிருப்பான்.

அவள் உண்மையில் சொன்னது அழிந்துபோகவில்லை. சில்லு பதிந்த அசல் ஒலிக்கு மூலக்குரல் என்று பெயர். எல்லோருடைய மூலக்குரலும் நகரக் கிடங்கில் பத்திரமாக இருந்தது. ஆனால் கணவனுக்கும் தரமாட்டார்கள், மனைவிக்கும் தரமாட்டார்கள். முன்னொரு காலத்தில் தந்துகொண்டிருந்தார்கள். மாமியார் செத்துப்போன துக்கத்தில் அவர் மூலக்குரலை வாங்கிக் கேட்ட மருமகள்கள் சிலர் அதன்பிறகு துக்கப்படவேயில்லை. சொத்துத் தகராறுகள் கிளம்பின. நகரசபை சட்டம் போட்டது. அதன்படி, அங்கீகரித்து நல்கை வழங்கிய ஆய்வுக்கு மட்டுமே கிடங்கு திறக்கும்.

ஆகவே நித்திலன் மனைவியின் கடைசி வார்த்தையைக் கேட்பதற்கு ஆய்வு நல்கைக்கு விண்ணப்பித்தான்.

தள்ளுபடியானது. மறுபடி விண்ணப்பித்தான். மறுபடியும் தள்ளுபடியானது. நல்கைக் குழுவின் தொடர்பு அலுவலர் சாகுலை நேரில் போய்ப் பார்த்தான். சாகுல் பெரிய உடம்புக்காரர். நிலவில் அது அவருக்கு ஒரு தொந்தரவாக இல்லை.

"வாங்க சார், உக்காருங்க. உங்க விண்ணப்பம் பிரமாதம். குழு ரசிச்சுப் பாராட்டுச்சு."

"அப்புறம் எதுக்குத் தள்ளுபடி?"

"முன்னோட்டத் தரவு இல்லையே."

"அதாவது?"

"மூலக்குரல் வேற, நாம கேக்குற குரல் வேறன்னு சொல்றீங்க. அதுக்கு முதல்ல ஒரு சான்று காட்டணும்ல?"

"காட்டணும்னா எனக்கு மூலக்குரல் வேணும். அதத்தானே கேக்குறேன்."

"கரெக்ட் சார். நீங்க சான்றக் காட்டுங்க, நாங்க மூலக்குரலத் தரோம்."

"மூலக்குரல் இல்லாம எப்படிக் காட்டுறது?"

"அங்கதான் சார் சவாலே இருக்கு. குழுவுக்குச் சவாலான ஆய்வுன்னா ரொம்பப் பிடிக்கும்." சாகுலின் கண்கள் அன்பாக இருந்தன.

குழுவின் முன் போன விண்ணப்பத்தைக் காட்டச் சொன்னான். சாகுல் திரையைத் திருப்பினார். நித்திலன் எழுதிய முதல் வரி இது: 'எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த ஊரில் யார் வாய் எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.' திரையில் வேறு வரி இருந்தது: 'தென்குழல் மக்களின் ஒப்பற்ற பேச்சு நலத்தை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லும் முன்னோடி முயற்சியாக இவ்வாய்வை முன்வைப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்.'

"இத நான் எழுதல."

"நீங்கதான் எழுதினீங்க. நயப்பி கொஞ்சம் நயமாக்கிருக்கு, அவ்வளவுதான். அப்படியே பச்சையா அனுப்பினா யார் சார் படிப்பாங்க?"

"இத யார் படிச்சாங்க?"

"எவ்வளவு விண்ணப்பம் வருது தெரியுமா? அத்தனையும் ஒக்காந்து படிக்க முடியுமா? நயப்பி சுருக்கிக் குடுத்துரும்."

எழுதியதும் அது, படித்ததும் அது. நித்திலன் எழுந்தான். 'நாசமாப் போங்க' என்று வாய்விட்டே சொன்னான். காதில், "சரி சார், நல்ல வழி சொன்னீங்க, வரேன்" என்று அவன் குரலே பணிவாகக் கேட்டது. சாகுல் மனம் நிறைந்து கை கூப்பினார்.

திரும்பி நடக்கும்போது அவனுக்கு ஒன்று தோன்றியது. காதை நம்பித்தான் இந்த ஊர் கெட்டது. ஆனால் அவன் தொழிலுக்குக் கண்ணும் விரலும் உண்டு. பூமியில் இருந்த பழைய பயிற்சியாளர்கள் நோயாளி வந்து உட்கார்ந்ததும் பேச்சைக் கேட்பதற்கு முன்னால் நாக்கை நீட்டச் சொல்வார்கள். அவன் தினமும் கண்ணாடியில் செய்வதை ஊராருக்குச் செய்து பார்த்தால் என்ன? காது ஒன்று சொல்ல, விரல் வேறொன்றைச் சொல்லும் ஆள் ஒருவர் கிடைத்தால் போதும். சான்று ஆகிவிடும்.

மறுநாள் காலை பேச்சுப் பிரிவின் தலைவி ரோசலின் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த அறையை ஆண்டாண்டாக இழுத்துப் பிடித்து வைத்திருப்பவள். பூங்கோதைக்கும் அவனுக்கும் கல்யாணம் பேசி முடித்தவளும் அவள்தான்.

"அக்கா, கவசத்தக் கழட்டுங்க."

"எதுக்குடே? காலங்காத்தால என் மூஞ்சியப் பாக்கணும்னு வேண்டுதலா?"

"வாய்ச் சோதனை. ஊர்ல எல்லாருக்கும் செய்யப்போறேன். உங்கள்ட்டருந்து ஆரம்பிக்கலாம்."

"என் வாயத் தொறந்தா நல்கை விழுமாக்கும்? அப்படிப் பாத்தா எனக்கு இதுக்குள்ள கொட்டிருக்கணுமே. நான் என்னைக்குடே இத மூடினேன்?"

சிரித்தபடி கவசத்தைக் கழற்றினாள். சிரிப்பு அவன் காதில் இருந்தது. முகத்தில் பாதிதான் இருந்தது. இடது ஓரத்தில் எச்சில் கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது.

நித்திலன் இன்னும் கிட்டே போனான். "நாக்க நீட்டுங்க."

நாக்கு வெளியே வந்து இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. உள்ளே இழுக்கக்கூட அவளால் முழுதாக முடியவில்லை. ஆனால் அவன் காதில் அவள் குரல் கணீரென்று வந்துகொண்டே இருந்தது.

"என்னடே முழிக்க? கருநாக்கா இருக்கா? எங்க அம்மைக்குக் கருநாக்கு. அவ சொன்னா நடக்கும்பாவ."

அந்த வாக்கியத்துக்கு உதடுகள் ஒருமுறைகூட மூடவில்லை. அவளுக்கு எதிரே நின்றுகொண்டு, அவள் பேசாததை அவள் குரலில் கேட்டுக்கொண்டிருந்தான். ஓடிப்போய்விட வேண்டும் போல இருந்தது. விரலை எடுத்து அவள் உதட்டின் மேல் வைத்தான்.

"ப, ட, க சொல்லுங்கக்கா."

காதில் அமைதி. விரலின் கீழே மூச்சு மட்டும் வெதுவெதுப்பாக வந்தது. உதடுகள் தொட்டுக்கொள்ளவில்லை.

"சொல்லுங்க."

"சொல்லிட்டுதானடே இருக்கேன்."

அவன் முகத்தைப் பார்த்து அவளும் புரிந்துகொண்டாள். தொழில்காரியல்லவா. கையைத் தூக்கித் தன் உதட்டைத் தானே தொட்டுப் பார்த்தாள். கண்கள் விரிந்தன. குரல் மட்டும் மாறவில்லை.

"காபி வழிஞ்சுதுடே. வயசாகுதுல்லா, அதான்னு நெனச்சேன். எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்."

யார் சொன்னது, அவளா, நயப்பியா என்று யோசிக்க அவன் நிற்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நிலவில் மனிதர்கள் கனப்பதில்லை. நீளமான நடைபாதையில் தாவித் தாவிப் போனான். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று, "என்னக்கா, குதிர சவாரியா?" என்று கேட்டார்கள். தோளில் கிடந்தபடி ரோசலின் அவர்கள் ஒவ்வொருவருக்கும் தோதாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் தலை அவன் முதுகில் துவண்டு ஆடியது. வாயிலிருந்து எச்சில் அவன் சட்டையை நனைத்தது.

"சரியான நேரத்துல கொண்டுவந்தீங்க," என்றார் டாக்டர்.

கட்டியைக் கரைத்தார்கள். ரோசலின் பிழைத்தாள். பேச்சில் பாதி திரும்பியது. மீதி குழறலாகவே தங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்ததும் அவள் செய்த முதல் வேலை, தன் சில்லுக்கு நயப்பியை நிறுத்தச் சொன்னது. மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளி கேட்டால் நிறுத்தலாம் என்று ஒரு விதி இருந்தது. இதுவரை யாரும் கேட்டதில்லை. ஊரிலேயே அவளுடைய பேச்சு மட்டும் உள்ளபடி ஒலித்தது. செவிலி ஒருத்தி மென்மையாகக் கேட்டாள்: "அம்மா, நயப்பியப் போட்டுக்குங்களேன். உங்களுக்கு ஒண்ணுமில்லாட்டியும் கேக்குறவங்களுக்குக் கஷ்டமா இருக்குல்ல?"

ரோசலினைப் பார்க்க வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு வாக்கியம் முடியக் காத்திருக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.

நித்திலன் ரோசலினின் சோதனையைச் சான்றாக வைத்து மீண்டும் விண்ணப்பித்தான். இந்த முறை சாகுலே பேச்சுப் பிரிவைத் தேடி வந்தார். வழி கேட்டுத்தான் வந்தார்.

"சார், கெடைச்சுருச்சு! குழு ஒருமனதா ஒத்துக்கிச்சு. உங்க பிரிவுக்கு இனி எல்லா விளக்கும் எரியும்."

நித்திலன் எழுந்து நின்றான். "ஊர் முழுக்கச் சோதன பண்ணலாமா?"

"அதுக்கென்ன சார், தலைப்பப் பாருங்க."

திரையை நீட்டினார். 'நாத்தளர்வு அடைந்தோருக்கும் தங்குதடையற்ற இனிய பேச்சு: நயப்பியை வலுப்படுத்தும் முன்னோடி ஆய்வு.'

"இது..."

"நீங்க கண்டுபிடிச்சதுதான் சார்! ரோசலின் அம்மாவுக்கு வாய் விழுந்தும் பேச்சு நிக்கல. குழு அசந்துபோச்சு. ஒரே ஒரு எடத்துலதான் ஓட்ட விழுந்துருக்கு. 'ப ட க'ன்னு சொல்லச் சொன்னீங்கள்ல, அங்க மட்டும் சத்தம் வரல. நோயாளி மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்? இனிமே அதையும் நயப்பி தெளிவாச் சொல்லிரும். உதடு மூடலன்னாலும் 'ப'ன்னு கணீர்னு கேக்கும். உங்க புண்ணியம்."

ரோசலின் மூலையிலிருந்து ஏதோ சொன்னாள். மெதுவாக, குழறலாக வந்தது. சாகுல் அது முடிவதற்குள் அவன் பக்கம் திரும்பிவிட்டார்.

"கைரேக வெச்சுருங்க சார். முதல் கட்டத்துக்கு இறந்தவர் ஒருத்தரோட மூலக்குரல் தருவாங்க. யாரு வேணும்னு நீங்களே சொல்லலாம்."

நித்திலன் திரையைப் பார்த்தான். மறுக்க வேண்டும் என்று தெரிந்தது. இதில் கைரேகை வைத்தால் இனி வாய் விழுந்ததைக் காட்டிக்கொடுக்க விரலைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை என்றும் தெரிந்தது. எப்படியும் ஆய்வு தன் கையில்தானே, உள்ளே போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தான். நல்கை வாங்கும் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

கட்டைவிரலை வைத்தான்.

"பூங்கோதை," என்றான்.

ஒலியடக்க அறை கிடங்கை ஒட்டி இருந்தது. ஊரிலேயே பம்பு இரைச்சல் இல்லாத ஒரே இடம். கண்ணாடிக்கு வெளியே ரோசலின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். தனியாக விடமாட்டேன் என்று கூடவே வந்திருந்தாள். நித்திலன் கதவைச் சாத்தினான். அமைதி காதை அடைத்தது. தன் இதயத் துடிப்பு அவனுக்கே கேட்டது.

திரையில் அந்த முற்பகல் இருந்தது. உரையாடல் என்பதால் இருவர் குரலையும் தந்திருந்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் நேரே நயப்பி செய்த மாற்றம் குறிக்கப்பட்டிருந்தது. அவன் அந்தக் குறிப்புகளைக் கையால் மறைத்துக்கொண்டான். அலறலைக் கேட்கத் தயாராக உட்கார்ந்தான். யாரும் எதற்கும் அப்படித் தயாராக முடியாது. ஓடவிட்டான்.

பாத்திரம் நகரும் சத்தம். தண்ணீர். அவள் மூச்சு. பிறகு அவள் ஏதோ சொன்னாள். ஈரமான, உருவமில்லாத ஓசை. நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, வேகத்தைக் குறைத்துக் கேட்டான். வார்த்தை அல்ல அது.

'வ... ட... க.'

இன்னொரு முறை. கொஞ்சம் அழுத்தி. 'வ... ட... க.'

அவள் 'ப' சொல்லப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மூடவில்லை.

மூன்றாம் முறை அது வெறும் காற்றாக வந்தது. அதன்பிறகு நீண்ட மூச்சு ஒன்று. அப்புறம் அவள் சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்த சத்தம். அந்த அதிர்வுதான் அவன் காலுக்கு வந்தது.

சோதித்துப் பார்த்திருக்கிறாள். என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள அந்த ஊரில் அவளைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

அடுத்து அவனுடைய குரல். 'கோதை, என்ன விழுந்துச்சு? அடி கிடி பட்டுச்சா? நான் வரட்டுமா?' அதற்காகக் காத்திருந்தான். மூலக்குரலில் அது இப்படி இருந்தது:

"ம்?"

அவ்வளவுதான். வேறு எதுவும் இல்லை. எழுதிக்கொண்டிருந்தவனின் 'ம்'. கையை எடுத்துக் குறிப்பைப் பார்த்தான். 'அக்கறை சேர்க்கப்பட்டது' என்று இருந்தது.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ரோசலின் எழுந்து நின்றிருந்தாள். அவன் முகம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் பேச்சு காதில் மெதுவாக, இடறி இடறி வந்தது.

"டேய்... என்னடே... ஒரு மாதிரி இருக்க... உள்ள... வரட்டுமா?"

"ஒண்ணுமில்லக்கா. நீங்க உக்காருங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. அவன் விரல் தன்னையறியாமல் உதட்டுக்குப் போயிருந்தது. உதடு அந்த வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தது. நயப்பி எதையும் சேர்க்கவில்லை.

இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. அதற்கு நேரே இருந்த குறிப்பையும் இப்போது படித்துவிட்டான். 'ஒலி தெளிவாக்கப்பட்டது. சொல் மாற்றம் இல்லை.' பொய் என்று நினைத்தான். பொய்யாக இருக்க வேண்டும் என்று நினைத்தான். ஓடவிட்டான்.

அவள் தொடங்கினாள். நின்றாள். எச்சிலை விழுங்கினாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். வாயின் ஒரு பாதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி எடுத்து, இடையில் மூச்சு வாங்கி, அவனுக்குப் புரிய வேண்டுமே என்று அவ்வளவு பாடுபட்டாள். கடைசியில் சிரிக்கவும் முயன்றாள். அவன் தொழில் தெரிந்தவன். எழுத்தெழுத்தாகக் காதில் வாங்கிக் கூட்டிச் சேர்த்தான்.

"ஒண்ணுமில்லடா. டம்ளர் விழுந்துச்சு. நீ எழுதி முடி."